முடிக்காத ஆடிட்

"உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு ஆடிட் முடியாமல் இருக்கிறது. அதை முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்கவும்."

ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் வந்ததைத் தமிழில் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இன்னும் கறாராக இருந்தது. இடம்: சந்திரபூர் மாவட்டத்தில் எங்கள் வங்கியின் ஒரு சின்னக் கிளை. நாள்: 2019 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. நேரம்: காலை 9.40. விதர்பா ஜூன் வெயில் எப்படி இருக்கும் என்று நாக்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, மடிக்கணினியைக் கிளை மேனேஜர் மேஜையில் வைத்துத் திறந்தால் இந்த வாசகம்.

வங்கியில் வேலை பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நான் அப்போது இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மெண்டில் இருந்தேன். வேலை என்னவென்றால், சொல்லாமல் கொள்ளாமல் காலையில் ஒரு கிளை வாசலில் போய் நிற்பது. ஷட்டர் தூக்கியதும் முதல் வேலையாக ரொக்கத்தை எண்ணுவது. அப்புறம் நகைக்கடன் பாக்கெட், செக் புத்தக இருப்பு, கடன் ஃபைல்கள், கேஒய்சி, விட்டுப்போன வட்டி, கேட்பாரற்றுக் கிடக்கும் சில்லறைக் கணக்குகள் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் அந்தக் கிளைக்கு ரிஸ்க் எவ்வளவு என்று மதிப்பெண் போடுவது. 2002 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் கொடுத்ததிலிருந்து எல்லா வங்கிகளும் மெல்ல மெல்ல இந்த முறைக்கு வந்துவிட்டன. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே அடிக்கடி போ, அதிக நேரம் செலவழி என்பதுதான் அதன் சாரம். கிளையின் அளவைப் பொறுத்து ஒரு ஆடிட்டுக்கு ஐந்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும்.

மருமகள் சமைத்துக்கொண்டிருக்கும்போது மாமியார் அடுப்படிக்குள் வந்து டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அந்த மாமியார்தான் நான் :-)

சரி, சிவப்பு எழுத்துக்கு வருவோம். முந்தின வாரம் வார்தா பக்கம் ஒரு கிளையில் வேலையை முடித்துவிட்டு வந்திருந்தேன். "முடித்துவிட்டு" என்றால் எங்கள் பாஷையில் முடித்துவிட்டு. மூன்று அனெக்சர் மட்டும் பாக்கி. அதை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து போட்டுவிடலாம் என்று நினைத்து, போடவில்லை. (ஞாயிற்றுக்கிழமை செமினரி ஹில்ஸ் முருகன் கோவில், பிறகு தங்கமணி கொடுத்த காய்கறி லிஸ்ட், பிறகு தூக்கம்.) அதற்குள் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. ஒருத்தர் பெயரில் ஒரு நேரத்தில் ஒரு ஆடிட்தான் திறந்திருக்கலாம். வேறு கிளையைத் திறக்க வேண்டுமா, முதலில் பழையதை முடித்து அனுப்பு.

ஹெட் ஆபீஸ் ஹெல்ப் டெஸ்குக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பையன் ரொம்ப மரியாதையாக, "சார், இது எர்ரர் இல்ல சார், டிசைனே அப்படித்தான்" என்ற அர்த்தத்தில் ஹிந்தியில் சொன்னான். எர்ரர் என்றால்கூட மன்னித்திருப்பேன்.

அன்றைக்கு ரொக்கத்தைப் பேப்பரில் எழுதி எண்ணினேன். ராத்திரி லாட்ஜில், ஏர்கூலர் போட்ட சத்தத்தில், ஒன்றரை மணி வரை உட்கார்ந்து வார்தா அனெக்சர் மூன்றையும் முடித்து அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் தூங்கியிருக்கலாம். தூங்காமல், கோபத்தில், டிபார்ட்மெண்டுக்கு ஒரு மெயில் எழுதினேன். அச்சடித்தால் மூன்று பக்கம் வரும். அதில் நான் வைத்த வாதங்கள் இவை:

1. திடீர் சோதனையின் உயிரே 'திடீர்' என்பதில்தான் இருக்கிறது. வாசலில் நிற்கும்போது கம்ப்யூட்டர் தடுத்தால், சோதனை வந்திருக்கிறது என்ற செய்தி பக்கத்துக் கிளைக்கெல்லாம் போய்விடும்.

2. ஆடிட் தாமதமாவது எப்போதும் எங்களால் அல்ல. கிளை ஒரு பத்திரத்தைத் தேடிக் கொடுக்க நாலு நாள் எடுத்துக்கொண்டால், அந்த நாலு நாள் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?

3. அவசரம் என்று நீங்களே ஃபோன் பண்ணி வேறு கிளைக்கு அனுப்புகிறீர்கள். அனுப்புவதும் நீங்கள், பூட்டு போடுவதும் நீங்களா?

4. பதினோரு வருஷ சர்வீஸ் உள்ள ஆஃபீசருக்கு எதை முதலில் செய்வது என்று தெரியாதா?

நாலாவதுதான் உண்மையான காரணம் என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். மற்ற மூன்றும் அதற்குத் துணைக்கு வந்தவை.

இரண்டு நாள் கழித்து டிபார்ட்மெண்டிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். புதுப் பதிப்பில் அந்த விதியைப் போடச் சொன்னவரே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரொம்ப நிதானமாக, முதல் மூன்று பாயிண்டுமே நியாயமானவை, அதைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போன வருஷம் ஜூலைக் கடைசியில் உங்கள் லாகினில் எத்தனை ஆடிட் திறந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா?"

இரண்டு, அதிகபட்சம் மூன்று என்றேன்.

"நாலு" என்றார். "லாக் என் முன்னால் இருக்கிறது."

* * *

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும்.

2018 ஜூலை. யவத்மாள் மாவட்டத்தில் ஒரு கிளை. சுற்றிலும் பருத்தியும் சோயாபீனும். கிளையின் கடன்களில் பெரும்பகுதி கிசான் கார்டு பயிர்க்கடன். 16-ம் தேதி திங்கட்கிழமை உள்ளே போனேன். ரொக்கம் சரி, பாக்கெட் சரி. நல்ல கிளைதான். 19-ம் தேதி சண்ட்ரி கணக்கைப் பார்த்தபோது ஒரு தொகை கண்ணில் உறுத்தியது. சண்ட்ரி என்பது, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் இடம். நம் வீட்டில் டிவி மேல் இருக்கும் தட்டு மாதிரி. சாவி, சில்லறை, மருந்துச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும்; எது எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

தோண்டிப் பார்த்தால் அது பயிர்க் காப்பீட்டு பிரீமியம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 கரீஃப் பருவத்திலிருந்து நடக்கிறது. உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் கரீஃபில் விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், பருத்தி மாதிரிப் பணப்பயிருக்கு 5 சதவீதம் வரை. மீதியை மத்திய, மாநில அரசுகள் போடும். பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு அப்போது காப்பீடு கட்டாயம் (2020 கரீஃபிலிருந்துதான் விருப்பப்பட்டால் என்று மாற்றினார்கள்). அதனால் வங்கியே கடன் கணக்கில் பிரீமியத்தைப் பிடித்து, விவரங்களோடு காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். விவசாயி தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இந்தக் கிளையில் 29 பேருடைய விவரத்தில் ஏதோ எண் தப்பு. பட்டியல் திரும்பி வந்துவிட்டது. பணத்தைச் சண்ட்ரியில் நிறுத்திவிட்டு, எண்ணைச் சரிபார்த்து மறுபடி அனுப்பலாம் என்று ஒரு கிளார்க் எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த நாளே அவருக்கு வேறு கவுண்ட்டர். அவ்வளவுதான். 29 பேர் கணக்கிலும் பணம் பிடித்தாகிவிட்டது, பாஸ்புத்தகத்தில் வரியும் விழுந்துவிட்டது. ஆனால் காப்பீடு இல்லை.

கரீஃபுக்குப் பொதுவாக ஜூலைக் கடைசிதான் கெடு. நான் கண்டுபிடித்தது 19-ம் தேதி. நாள் நிறைய இருந்தது. சாஃப்ட்வேரில் அந்தக் குறிப்பை எழுதி, டிராஃப்டாகச் சேமித்தேன். மேனேஜரிடம் வாயாலும் சொன்னேன். "ஹோ ஜாயேகா சார், டென்ஷன் மத் லீஜியே" என்றார். ஆகிவிடும் சார், கவலைப்படாதீர்கள். நல்ல மனுஷர். பொய் சொல்லவில்லை. அந்த வாரமே அவருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிட்டது என்பதுதான் விஷயம்.

20-ம் தேதி எனக்கும் ஃபோன் வந்தது. அமராவதி பக்கம் ஒரு கிளையில் ஏதோ புகார், உடனே போய்ப் பார். போனேன். அது முடிவதற்குள் இன்னொன்று. ஏற்கெனவே ஜூனிலிருந்து ஒன்று பாக்கி. ஆக நாலு. யவத்மாள் ஆடிட் 80 சதவீதம் முடிந்து, பாக்கி 20 சதவீதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எங்கள் சாஃப்ட்வேரில், முழு ரிப்போர்ட்டையும் முடித்து 'சமர்ப்பி' என்று அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் குறிப்புகள் கிளைக்கும் ஸோனல் ஆபீசுக்கும் தெரியும். அதுவரைக்கும் அது என் லாகினுக்குள் மட்டும் இருக்கும் ரகசியம்.

உடனே தெரிவிக்க வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பெரிய குளறுபடி கண்ணில் பட்டால் ஆடிட் முடியும்வரை காத்திருக்காமல் தனி அறிக்கை அனுப்பலாம். ஆனால் மோசடி மாதிரி விஷயங்களுக்குத்தான் அதை அனுப்புவது எங்கள் வழக்கம். இது மோசடி இல்லையே. ஒரு கிளார்க்கின் மறதி. இன்னும் நாலு நாளில் ரிப்போர்ட்டே போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட் போனது செப்டம்பர் 11-ம் தேதி.

புது மேனேஜர் அதைப் படித்துவிட்டு அதிர்ந்துபோய்க் கூப்பிட்டார். கெடு முடிந்து ஆறு வாரம். அந்த வருஷம் மழையும் பாதியில் கைவிட்டது. 2018 அக்டோபர் கடைசியில் மகாராஷ்டிர அரசு 151 தாலுக்காக்களை வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது.

குறிப்புகளுக்கெல்லாம் கிளை என்ன நடவடிக்கை எடுத்தது என்று சரிபார்க்க டிசம்பரில் அந்தக் கிளைக்கு மறுபடி போனேன். மதியம் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, வேட்டி, கையில் நாலாக மடித்த பாஸ்புத்தகம். ஹெட் ஆபீசிலிருந்து வந்த ஆள் என்று யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள். எதிரில் வந்து நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பிரீமியம் பிடித்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, மராட்டியும் ஹிந்தியும் கலந்து அவர் கேட்டது இதுதான்: "சாஹேப், பக்கத்து வயல்காரன் எல்லாம் பேங்கில் பட்டியலில் இருக்கிறான். என் பேர் இல்லை. நான் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மறந்தேன்?"

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தப்பு தன்னுடையது என்று நம்பிக்கொண்டு வந்திருந்தார்.

வங்கியின் தவறால் விவசாயிக்குக் காப்பீடு கிடைக்காமல் போனால் நஷ்டத்தை வங்கிதான் ஈடுகட்ட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஈடுகட்டினோம். ஆனால் அதற்கு விளக்கக் கடிதம், யார் பொறுப்பு என்ற விசாரணை, ஒப்புதல் என்று ஏகப்பட்ட படிகள். ரிப்போர்ட் போனதிலிருந்து பதினாலு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு முழு விதைப்பு போய்விட்டது. 29 பேரும் அந்த விதைப்புக்கு எங்கே கடன் வாங்கினார்கள், எத்தனை வட்டிக்கு வாங்கினார்கள் என்று எந்த அனெக்சரிலும் இல்லை. எண்ணைச் சரிபார்க்க மறந்த கிளார்க்குக்கு மெமோ கிடைத்தது. பத்தொன்பதாம் தேதியே தெரிந்தும் டிராஃப்டில் வைத்திருந்த எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆடிட் பண்ணுகிறவனை யார் ஆடிட் பண்ணுவது?

மேடம் பண்ணியிருந்தார். ஜூலை 19-ல் சேமித்தது, செப்டம்பர் 11-ல் சமர்ப்பித்தது, நடுவில் என் லாகினில் திறந்து மூடிய மற்ற கிளைகள், எல்லாவற்றையும் தேதிவாரியாகப் படித்தார். குரலை உயர்த்தவே இல்லை. "உங்கள் ஒருத்தரைச் சொல்லவில்லை, இந்த லிஸ்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள்" என்றார். அதுதான் இன்னும் வலித்தது.

* * *

நான் பி.காம். மயிலாடுதுறையில் படித்தேன். மூன்றாம் வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் ப்ராசஸ் காஸ்டிங் என்று ஒரு பாடம் வரும். மாதக் கடைசியில் தொழிற்சாலையில் பாதி முடிந்த சாமான்கள் கிடக்குமல்லவா, அவற்றை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று அதில் சொல்லித் தருவார்கள். 100 உருப்படி 50 சதவீதம் முடிந்திருந்தால், 50 முழு உருப்படிக்குச் சமம் என்று வைத்துக்கொள். இதற்கு ஈக்விவலண்ட் யூனிட் என்று பெயர். பரீட்சையில் இதற்குப் பதினைந்து மார்க்.

அந்த போன் வந்த ராத்திரி எனக்குத் தோன்றியது இதுதான். நான் இத்தனை வருஷமும் ஆடிட்டை ப்ராசஸ் காஸ்டிங் போலவே பண்ணிக்கொண்டிருந்தேன். 80 சதவீதம், 60 சதவீதம், 40 சதவீதம், 20 சதவீதம். கூட்டினால் 200. ஆக, இரண்டு ஆடிட் முடித்த திருப்தி. மாதாந்திரக் கூட்டத்திலும் அப்படித்தான் சொல்வேன், கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் கிளைப் பக்கம் நின்று பார்த்தால், முடித்தது பூஜ்யம். 80 சதவீதம் முடிந்த ஆடிட்டால் அந்த 29 பேருக்கு 80 சதவீதக் காப்பீடு கிடைக்கவில்லையே.

பூஜ்யம்கூட இல்லை, மைனஸ் என்றே சொல்வேன். யாரும் போகாத கிளையைப் பற்றி ஸோனல் ஆபீசில் ஒரு பயமாவது இருக்கும். ஆடிட்டர் உள்ளே போய்விட்டார் என்று தெரிந்தால் அந்தப் பயமும் போய்விடும். "இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிறது" என்று ஒரு கட்டத்தில் பச்சை விளக்கு எரியும். எல்லோரும் அந்த விளக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே என் டிராஃப்ட் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதைக் கணக்காகவும் காட்டலாம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது, லிட்டில் விதி என்றே அதற்குப் பெயர். நம் வேலைக்கு ஏற்றபடி சொன்னால்: கையில் சராசரியாக எத்தனை வேலை திறந்திருக்கிறதோ, அதை மாதத்துக்கு எத்தனை முடிக்கிறோமோ அதால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம் வரும். நான் மாதத்துக்கு இரண்டு ஆடிட் முடிக்கிறவன். கையில் நாலு திறந்திருந்தால் ஒவ்வொன்றும் முடிய இரண்டு மாதம். ஒன்றுதான் திறந்திருக்கிறது என்றால் பதினைந்து நாள். மாதக் கடைசியில் முடித்த எண்ணிக்கை இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். அதனால்தான் எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் காத்திருப்பவனுக்குத்தான் தெரியும். ஜூலை 16-ல் ஆரம்பித்தது பதினைந்து நாளில் முடிந்திருந்தால் ஜூலை 31. இரண்டு மாதம் என்றால் செப்டம்பர் நடுவில். தேதியைப் பாருங்கள், கணக்கு கிட்டத்தட்ட அப்படியே உட்காருகிறது.

* * *

அதற்காக அந்த விதி வந்த அன்றே எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முதல் மாதத்திலேயே குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஜூனியர் ஆஃபீசரின் லாகினில் அடுத்த ஆடிட்டைத் திறப்பது ஒன்று. பாக்கி இருக்கும் பகுதிகளில் எல்லாம் 'பொருந்தாது' என்று போட்டு அவசர அவசரமாக மூடுவது இன்னொன்று. இரண்டாவது ரொம்ப ஆபத்தானது. திறந்து கிடக்கும் ஆடிட்டாவது முடியவில்லை என்ற உண்மையைச் சொல்கிறது. பொய்யாக மூடிய ஆடிட் அதையும் சொல்வதில்லை.

சொன்னபடியே மேடம் என் முதல் மூன்று பாயிண்டுகளையும் எடுத்துக்கொண்டார். நாலைந்து மாதத்தில் விதியில் மூன்று மாற்றம் வந்தது. ஒன்று, நிஜமான அவசரம் என்றால் ஆடிட்டை நிறுத்தி வைக்கலாம். ஆனால் நாமாகச் செய்ய முடியாது. அனுப்புகிற மேலதிகாரிதான் காரணத்தையும் திரும்பும் தேதியையும் எழுதி நிறுத்த வேண்டும், அது அவர் பெயரில் பட்டியலில் தெரியும். (இது வந்த பிறகு எனக்கு 'அவசர' ஃபோன்கள் பாதியாகக் குறைந்தன என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.) இரண்டு, கிளை காகிதம் தராமல் இழுத்தடித்தால் கடிகாரம் கிளைப் பெயரில் ஓடும். மூன்று, கெடு தேதி உள்ள எந்தக் குறிப்பையும் அன்றைக்கே தனியாக அனுப்பலாம், மோசடியாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாவதைக் கேட்டு எழுதியது நான். அதற்கு உதாரணமாக எந்தக் கிளையைக் குறிப்பிட்டேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அதிகம் உதவியது மூன்று மாற்றங்களும் இல்லை, பழைய கண்டிப்புதான். கடைசி 20 சதவீதம் இருக்கிறதே, அதுதான் எந்த வேலையிலும் சலிப்பான பகுதி. கண்டுபிடிக்கிற சுவாரசியம் முடிந்திருக்கும். கூட்டல் சரிபார்ப்பது, அனெக்சர் ஒட்டுவது, கிளை மேனேஜரோடு உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பையும் படித்து முகம் சுளிக்க வைப்பது, இவைதான் பாக்கி. அந்த நேரத்தில் புதுக் கிளை ஒன்று கிடைத்தால் மனசு துள்ளிக்கொண்டு ஓடும். வேலை செய்யாமல் தப்பிக்க ஒரே கௌரவமான வழி, இன்னொரு வேலையை ஆரம்பிப்பது. அந்த வழியைத்தான் சிவப்பு எழுத்து அடைத்தது.

* * *

இந்தக் கதையைத் தங்கமணியிடம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னங்க, அந்த மேடம் நம்பர் கொடுங்க. நம்ம வீட்டுக்கும் அந்த சாஃப்ட்வேரப் போடச் சொல்றேன்" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

வெளியூரில் இருக்கும் நம் எல்லோருக்கும் ஊர் என்பது ஒரு முடிக்காத ஆடிட்தானே. அப்பா 2021-ல் போய்விட்டார். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மூணு மா நிலம், ஒரு ஓட்டு வீடு. பட்டா மாற்ற வேண்டும். கரண்ட் கனெக்‌ஷன் அப்பா பேரில். ரேஷன் கார்டில் பேர் எடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். எல்லாவற்றுக்கும் மேலே, அப்பாவின் சேமிப்புக் கணக்கை முடித்து அம்மா பேருக்கு மாற்ற வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் "பத்து வருஷம் கேட்பாரில்லாமக் கெடந்தா பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிடும், சீக்கிரம் க்ளெய்ம் பண்ணுங்க" என்று உபதேசம் செய்கிற வங்கி அதிகாரியின் அப்பா கணக்கு அது.

வருஷத்துக்கு இரண்டு தடவை, நாலு நாள் லீவு. ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்ததும் எட்டு வேலைக்கு ஒரு லிஸ்ட். தாலுகா ஆபீசில் பாதி நாள், இ-சேவை மையத்தில் பாதி நாள், ஈ.பி. ஆபீசில் "நாளைக்கு வாங்க". எட்டையும் தொட்டுவிட்டு, ஒன்றும் முடியாமல், ரிடர்ன் டிக்கெட் தேதி வந்துவிடும். ஃபைலில் ஜெராக்ஸ் மட்டும் கனத்துக்கொண்டே போனது. நாக்பூர் வந்து இறங்கும்போது, ஊர் வேலை எல்லாம் "நடந்துகொண்டிருக்கிறது" என்று மனசுக்குள் ஒரு பச்சை விளக்கு.

2023 பொங்கலுக்குப் போனபோது லிஸ்ட் போடவில்லை. பட்டா ஒன்றுதான் என்று முடிவு செய்துகொண்டு போனேன். முதலில் வாரிசுச் சான்றிதழ், அதற்கு வேண்டிய காகிதங்கள், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ். லீவு முடிந்து வந்த பிறகும் ஃபோனில் அந்த ஒன்றையே துரத்தினேன். தம்பி கரண்ட் கனெக்‌ஷன் பற்றிப் பேச்செடுத்தால், "இது முடியட்டும்டா" என்றேன். அவனுக்குக் கொஞ்சம் கோபம்கூட. சித்திரை பிறப்பதற்குள் பட்டா அம்மா பேரும் எங்கள் பேரும் போட்டு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் வங்கிக் கணக்கு. அது இரண்டே வாரம்.

பட்டா நகலை அம்மா கையில் கொடுத்ததும் தம்பி எனக்கு வீடியோ கால் போட்டான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மடித்து அப்பாவின் பிஸ்கட் டின்னில் வைத்தாள். பாராட்டப் போகிறாள் என்று நான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருக்க, நிமிர்ந்து கேட்டாள்:

"ஏண்டா தம்பி, இதுக்கு முன்னாடி நாலு தடவ வந்தியே, அப்பல்லாம் என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்த?"

மேடத்துக்கு ஒரு தங்கை இருந்தால் மயிலாடுதுறைப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

பி.கு.: கண் ஆபரேஷன் போன வருஷம் நல்லபடியாக முடிந்தது. ரேஷன் கார்டும் ஆயிற்று. கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது. இப்போது திறந்திருப்பது அது ஒன்றுதான். அதனால் நாக்பூர்த் தமிழ்ச் சொந்தங்கள் யாரும் மன்ற விழா மலர் வேலைக்கு இந்த மாதம் என்னைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் சிவப்பு எழுத்தில்தான் பதில் வரும் :-)